ஊர் நிலத்தை விற்கும் முன்: பட்டா முதல் பத்திரப்பதிவு வரை

பெரம்பலூர்ப் பக்கம் இருந்த எங்கள் குடும்ப நிலத்தைக் கொடுத்து முடித்துவிட்டோம். தாத்தா வாங்கியது, அப்பா கடைசிவரை உழுதது. பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. விலை பேச ஒரு மதியம் போதுமாக இருந்தது. மற்ற மாதங்களெல்லாம் காகிதத்துக்கே போயின. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது தமிழ்நாட்டில், கிராமத்தில், தாத்தா அல்லது அப்பா பெயரில் இருக்கும் நஞ்சை, புஞ்சை நிலத்துக்கானது. வீட்டுமனைக்கு வேறு விதிகள். எல்லாம் சரியாக இருந்தால் ஆறு மாதம், பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் ஒரு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று படிகள் முடியும் வரை யாரிடமும் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் கெடு ஓட ஆரம்பித்துவிடும். தாலுகா அலுவலகத்துக்கு உங்கள் கெடு தெரியாது.

1. காகிதங்களை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள்

மூலப்பத்திரம் (நிலம் நமக்கு வந்த பத்திரம்), பட்டா–சிட்டா (உரிமையாளர் பெயரும் பரப்பும் உள்ள வருவாய்த்துறைப் பதிவு), 'அ' பதிவேடு (கிராமத்து சர்வே எண்களின் பதிவேடு), புல வரைபடம், அடங்கல் (என்ன பயிர் செய்தோம் என்ற பதிவு), வில்லங்கச் சான்று (நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்). இவை ஆறும் உங்கள் மேஜைக்கு வர வேண்டும். பட்டா, 'அ' பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் அரசின் நிலப்பதிவு இணைய தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து இலவசமாகவே எடுக்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் பழைய கிஸ்தி ரசீதில் இருக்கும், இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) கேளுங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பார்க்கலாம். பழைய வருடங்கள் அங்கே கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட வேண்டும். குறைந்தது முப்பது வருட வில்லங்கம் எடுங்கள். வாங்குகிறவரின் வக்கீல் எப்படியும் கேட்பார்.

இப்போது ஒப்பிடுங்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட். பட்டாவில் 0.81.0 என்று போட்டிருந்தால் அது 81 ஏர், அதாவது இரண்டு ஏக்கர். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 'இரண்டரை ஏக்கர்' என்று வாய்வார்த்தையாக விலை பேசிவிட்டு, அளக்கும்போது குறைவதைப் பார்த்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

பழைய பத்திரங்களில் பழைய சர்வே எண்தான் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யு.டி.ஆர். என்பார்கள், எண்கள் மாறின, ஒரே எண்ணைப் பிரித்து உட்பிரிவுகள் வந்தன. அதோடு பிழைகளும் வந்தன: பக்கத்து நிலத்துக்காரர் பெயர் நம் பட்டாவில், நம் கிணறு அவர் உட்பிரிவில். எந்தப் பழைய எண் எந்தப் புதிய எண்ணாக ஆனது என்பதை 'அ' பதிவேட்டில் பார்க்கலாம். பெயரில் ஓர் எழுத்து, தகப்பனார் பெயர் என்ற அளவில் பிழை என்றால் தாசில்தார் அளவில் முடியும். பரப்பளவோ உரிமையாளரோ மாறியிருந்தால் கோட்டாட்சியர் வரை போகும், மாதக்கணக்கில் ஆகும். அப்படி ஏதாவது இருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அந்த மனுவை முதலில் கொடுங்கள்.

அசல் மூலப்பத்திரம் காணவில்லையா? நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். ஆனால் வாங்குகிறவர் அதோடு விடமாட்டார். போலீஸில் புகார், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழில் விளம்பரம் இவை மூன்றையும் கேட்பார். இதற்கே இரண்டு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சில நிலங்களை விற்கவே முடியாது, அல்லது எல்லாருக்கும் விற்க முடியாது: பஞ்சமி நிலம் (ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியது), அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலம், பூமிதான நிலம் (தானமாக வாங்கி நிலமற்றவர்களுக்குக் கொடுத்தது), கோயில் நிலம், வக்ஃபு நிலம். தாத்தாவுக்கு அரசு 'ஒப்படை' கொடுத்த நிலம் என்றால் அந்த உத்தரவின் நிபந்தனைகளை ஒரு வக்கீலிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

2. பங்கு யார் யாருக்கு என்று எழுதிப் பாருங்கள்

மிக அதிகமாகச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். அலுவலகத்தில் வரும் தடையை மனு போட்டுத் தீர்க்கலாம். வீட்டுக்குள் வரும் தடைக்கு அப்படி ஒரு ஜன்னல் இல்லை.

நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிலிருந்து தொடங்கி ஒரு வம்சப் பட்டியல் எழுதுங்கள். இறந்தவர்கள், இருப்பவர்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் எழுதுங்கள். இந்துக் குடும்பம் என்றால், சுயமாகச் சம்பாதித்த நிலத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தவருக்கு மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாயார் எல்லாரும் சமமான முதல்நிலை வாரிசுகள். 1956-ஆம் வருடச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. 'பெண்பிள்ளைகளுக்குப் பங்கு பின்னால்தான் வந்தது, அத்தைக்கு அப்போது உரிமை இல்லை' என்று ஊரில் உறுதியாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சு பூர்வீகச் சொத்தைப் பற்றியது. அதில்தான் தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தன. மகள் பிறக்கும்போதே அந்த உரிமையோடு பிறக்கிறாள், 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. தாத்தா தானே வாங்கிய நிலத்தில் அத்தைகளுக்கு அதற்கும் முன்பே பங்கு உண்டு. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வாரிசுக் கணக்கே வேறு. உங்கள் சட்டப்படி பட்டியலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்குப் பிறகு இறந்த பாட்டியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அப்பாவின் சொத்தில் அவருக்கும் ஒரு பங்கு போயிருக்கும். பாட்டி இறந்ததும் அந்தப் பங்கு அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கும். ஆக, அப்பா தானே வாங்கிய நிலமாக இருந்தாலும் சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட வேண்டி வரலாம்.

அத்தையிடம் போய்ப் பேசுங்கள். போனில் பேசாதீர்கள், மூன்றாம் மனிதர் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த விலைக்கு, யாருக்கு, உங்கள் பங்கு இவ்வளவு என்று திறந்து சொல்லுங்கள். சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்ற கணக்கெல்லாம் சட்டத்தில் நிற்காது. என் மனதுக்கும் அது நியாயமாகப் படவில்லை. 'சும்மா ஒரு கையெழுத்து' என்று வாங்கினால், அவருடைய பிள்ளைகள் பின்னாளில் வழக்குப் போடுவார்கள், வாங்கியவர் உங்களைத் தேடி வருவார்.

பங்கை ஒருவர் பெயருக்குக் கொண்டுவர, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதலாம். குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. குடும்பம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, உங்கள் உறவு அதற்குள் வருகிறதா என்று எழுதும் முன் பார்த்துவிடுங்கள். ஆனால் எல்லாரும் விற்கச் சம்மதித்துவிட்டால் விடுதலைப் பத்திரமே வேண்டாம் என்பேன். எல்லாரும் சேர்ந்து கிரயப் பத்திரத்தில், அதாவது விற்பனைப் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டு, அவரவர் பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். செலவும் மிச்சம், சந்தேகமும் வராது.

பங்குதாரரில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை இருந்தால் நீதிமன்ற அனுமதி பற்றி வக்கீலிடம் முதலிலேயே கேளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் வர முடியாவிட்டால், தனக்குப் பதிலாக இன்னொருவர் விற்க அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தை, அதாவது பவரை, இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இந்த நிலத்தை விற்க மட்டும் என்று சர்வே எண் போட்டு எழுதிய பவராக இருக்கட்டும். பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள். அதையும் சொல்லி வைத்துவிடுங்கள்.

3. பட்டாவை இருப்பவர்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள்

வரிசை இதுதான்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல். தாத்தா, பாட்டி, அப்பா என்று இறந்த ஒவ்வொருவருக்கும் முதல் இரண்டும் வேண்டும். கிராமத்தில் பழைய சாவுகள் பதிவாகாமலே கிடக்கும். ஒரு வருடம் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும். ஆகவே இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்க வேண்டும்.

வாரிசுச் சான்றுக்கும் பட்டாவுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், மையக் கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) அறிக்கைக்குப் பிறகு தாசில்தார் அலுவலகத்துக்குப் போகும். ஒப்புகைச் சீட்டு எண்ணைப் பத்திரமாக வைத்து, வாரம் ஒரு முறை நிலை என்னவென்று இணையத்தில் பாருங்கள். நிராகரித்துவிட்டார்கள் என்று யாரும் போன் செய்து சொல்லமாட்டார்கள். காரணத்தைப் படித்து, குறையைச் சரிசெய்து, புதிதாகப் போட வேண்டும். காரணமே சொல்லாமல் கிடந்தால் முதல்வரின் உதவி மையத்தில், எண் 1100, மனு பதியுங்கள்.

ஆதார், வாரிசுச் சான்று, பத்திரம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அம்மாவின் பெயர் ஆதாரில் 'செல்லம்மாள்', பத்திரத்தில் 'செல்லம்' என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க மறுபடி அலைய வேண்டும்.

4. அளந்து, கல் நட்டு வையுங்கள்

அரசு சர்வேயரை வைத்து அளக்க விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். தனியாரை வைத்து அளந்தால் பக்கத்து நிலத்துக்காரர் ஏற்கமாட்டார். அளக்கும் தேதியைப் பக்கத்துக்காரர்களுக்கு அலுவலகம் தெரிவிக்கும், இருந்தாலும் நீங்கள் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பயிர் நிற்கும்போது சங்கிலி இழுக்க முடியாது. மக்காச்சோளமோ பருத்தியோ எடுத்த பிறகு, உழவுக்கு முன் அளப்பதுதான் சரி.

வரப்பு நகர்ந்திருந்தால் அதை வாங்குகிறவர் தலையில் கட்டாதீர்கள். பக்கத்துக்காரரோடு பேசி முடிக்க உங்களுக்கு இருக்கும் முகம் அவருக்கு இருக்காது.

5. கோயில், சமாதி, தடம்: இவற்றை முதலில் பிரித்து வையுங்கள்

நிலத்தை விற்றவர்கள் பிற்பாடு மனம் நோவது பெரும்பாலும் விலையைப் பற்றியல்ல. சாமி கும்பிட வழி இல்லாமல் போனதைப் பற்றி. குலதெய்வக் கல்லோ, அப்பா அம்மாவைப் புதைத்த இடமோ நிலத்துக்குள் இருந்தால் அந்த இடத்தை விற்காதீர்கள். இரண்டு சென்ட் போதும். அதை அளந்து உட்பிரிவு செய்து, பட்டாவை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, வண்டித்தடத்திலிருந்து அந்த இடத்துக்குப் போய்வர இத்தனை அடி அகலப் பாதை உரிமை உண்டு என்று கிரயப் பத்திரத்தில் அடையாளத்தோடு எழுத வேண்டும். 'எப்ப வேணும்னாலும் வந்து கும்பிட்டுக்குங்க' என்று வாங்குகிறவர் மனதாரச் சொல்வார். அவர் நாளைக்கு வேறொருவருக்கு விற்பார், அவருக்கு உங்களைத் தெரியாது.

இடம் பிரிக்க முடியாத நிலை என்றால், விற்கும் முன்பே பூசாரியையும் பங்காளிகளையும் கேட்டு, பிடிமண் எடுத்துச் சாமியை வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். பங்காளிகள் கூட வேண்டும், நாள் பார்க்க வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

கிணறும் இப்படித்தான். பொதுக் கிணறாக இருந்தால் உங்களுக்கு நான்கில் ஒரு பாகமா, மூன்றில் ஒரு பாகமா, எந்த நாள் தண்ணீர் முறை என்பதைப் பழைய பாகப்பத்திரத்திலிருந்து எடுத்து அப்படியே எழுதுங்கள். மோட்டார், மின் இணைப்பு, புளியமரம், தென்னை எதெல்லாம் விலையில் அடக்கம் என்பதையும் எழுதிவிடுங்கள்.

6. உழுகிறவர், கடன், மின் இணைப்பு

உங்கள் நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ யாராவது உழுதுகொண்டிருந்தால், அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1955-ஆம் வருடச் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, நிலம் கைமாறியதால் மட்டும் அவரை வெளியேற்ற முடியாது. விற்கப்போகும் செய்தியை அவரிடம் முதல் ஆளாகச் சொல்லுங்கள். வாங்க விருப்பமா என்று கேளுங்கள். இல்லையென்றால் நிற்கும் வெள்ளாமையை அவர் எடுக்கவிட்டு, நியாயமான ஒரு தொகை கொடுத்து, விட்டுக்கொடுத்ததை எழுத்தில் வாங்குங்கள். இத்தனை வருடம் அந்த மண்ணைத் தரிசு போடாமல் வைத்திருந்தவர் அவர்தான்.

கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ அப்பா வாங்கிய பயிர்க்கடன் பாக்கி இருந்தால் தீர்த்து, நிலுவை இல்லை என்ற சான்று வாங்குங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் அதற்கான ரசீதையும் பதிய வேண்டும், அப்போதுதான் வில்லங்கம் நீங்கும். மின் இணைப்பு தாத்தா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும், அதையும் கவனியுங்கள்.

7. விலை முழுவதையும் பத்திரத்தில் காட்டுங்கள்

கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் கணக்கு. இருபது லட்ச ரூபாய்க் கிரயத்துக்கு 1,80,000. வழக்கமாக வாங்குகிறவர் கட்டுவார். அதனால்தான் 'பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பைப் போடுவோம், மீதியை ரொக்கமாகத் தருகிறேன்' என்பார். தரகரும் ஆமாம் போடுவார். சம்மதிக்காதீர்கள்.

காரணம் இதுதான். கிராமத்து விவசாய நிலம் விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. முழு விலையையும் காட்டினாலும் உங்களுக்கு ஒரு ரூபாய் வரி கூடப் போவதில்லை. குறைத்துக் காட்டினால் லாபம் அவருக்கு. கணக்கில் வராத ரொக்கம் உங்கள் கையில். அந்தப் பணத்தை வங்கியில் போடவும் முடியாது, பிள்ளைக்கு வீடு வாங்கும்போது காட்டவும் முடியாது. அதற்கு மேல், நிலம் விற்பதற்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அட்வான்ஸும் இதில் சேரும். காசோலை, வங்கிப் பரிமாற்றம், டி.டி. மட்டும்தான்.

கிராமத்து நிலம் என்பதற்கு அளவு உண்டு. பத்தாயிரம் அல்லது அதற்கு மேல் மக்கள்தொகை உள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் நிலம் இருக்கக் கூடாது. எல்லைக்கு வெளியே என்றால், ஊரின் மக்கள்தொகை பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை இருந்தால் 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கும் மேல் 8 கிலோமீட்டர் தாண்டி இருக்க வேண்டும். நேர்கோட்டுத் தூரம்தான் கணக்கு, சாலைத் தூரம் கணக்கில்லை. தூரத்துக்கு வி.ஏ.ஓ. அல்லது தாசில்தார் சான்றும், பயிர் செய்ததற்கு அடங்கலும் இப்போதே வாங்கி வையுங்கள். உள்ளே வந்துவிட்டால் வரி உண்டு. பதிவுக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

8. அக்ரிமெண்ட்

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் கட்டாயம். இருபது ரூபாய் பத்திரத்தில் வீட்டு வாசலில் எழுதிக் கொடுக்காதீர்கள். கெடு மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், கெடு தாண்டினால் அட்வான்ஸ் என்னாகும் என்று தெளிவாக எழுதுங்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். வாங்குகிறவர் பின்வாங்கினால் அதை ரத்து செய்து பதியவும் அவர் வர வேண்டும். ஆகவே ஆளைத் தெரிந்து எழுதுங்கள்.

'ஒப்பந்தம் எதற்கு, பொது பவர் கொடுங்கள், பணத்தைக் கொடுத்துவிடுகிறேன்' என்று ஒருவர் வந்தால் அவர் மனை போட்டு விற்கப்போகிறார். அங்கீகாரமில்லாத மனையாக அவர் விற்றால் சிக்கல் உங்கள் பெயரிலும் வரும், ஏனென்றால் உரிமையாளர் நீங்கள்தான். பவர் வேண்டாம், நேரடிக் கிரயம் மட்டும்.

9. பதிவு நாள்

டோக்கன் இணையத்தில் எடுக்க வேண்டும். ஆடி, மார்கழியில் கூட்டம் குறைவு. முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுத்தாலும் அலுவலகம் நிரம்பி வழியும், வயதானவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால் சாதாரண நாளே நல்லது. அசல் பத்திரங்கள், ஆதார், பான், புகைப்படம், இரண்டு சாட்சிகள். வரைவுப் பத்திரத்தை இரண்டு நாள் முன்பே வாங்கி, சர்வே எண், பரப்பு, நான்கெல்லை, பாதை உரிமை, கோயில் இடம் நீங்கலாக என்ற வரி எல்லாவற்றையும் விரல் வைத்துப் படியுங்கள். பணம் எல்லாருடைய கணக்கிலும் வந்து சேர்ந்த பிறகுதான் கைரேகை வைக்க வேண்டும்.

வயதானவர்களுக்குக் கைரேகை சட்டென்று பதியாது. காலையிலேயே டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள்.

10. பதிந்த பிறகு

பதிவான பத்திரத்தின் நகல் ஒன்றை வாங்கி, தூரச் சான்று, அடங்கல், வங்கிக் கணக்குத் தாளோடு சேர்த்து வையுங்கள். வருமான வரியில் கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும். முழு சர்வே எண்ணையும் விற்றிருந்தால் பட்டா தானாக மாறிவிடலாம். ஒரு பகுதி என்றால் வாங்கியவர் உட்பிரிவுக்கு மனு போடுவார், சர்வேயர் வரும்போது நீங்களும் போய் நின்று கோயில் இடத்தின் கல்லைப் பார்த்துவிடுங்கள். அப்பா பெயரில் பி.எம். கிசான் பணம் (விவசாயிகளுக்கான மத்திய அரசின் உதவித்தொகை) இன்னும் வந்துகொண்டிருந்தால் நிறுத்த எழுதிக் கொடுங்கள். மின் இணைப்பு பெயர் மாறிவிட்டதா என்று இரண்டு மாதம் கழித்து ஒருமுறை கேளுங்கள். நீங்கள் வைத்துக்கொண்ட இரண்டு சென்டின் பட்டாவை வருடம் ஒருமுறை இணையத்தில் எடுத்து, உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.